தம்பதியர் சரிபார்ப்புப் படிவம்

செங்குளப்பாக்கம் ஊராட்சித் தலைவர் குப்புராஜ் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இல்லை. நாலு வருஷமாக அவருக்குக் கீழே ஊராட்சிச் செயலராக இருந்த அருணாவுக்கு அவரிடம் பிடித்த ஒரே குணம் அதுதான். மற்றபடி அவரிடம் பிடிக்க ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நிற்பதைத்தான் அவர் மக்கள் பணி என்று நினைத்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது போன் செய்தால், தான் அப்போது மாவட்டத் தலைநகரில் முக்கியமான ஆட்களோடு இருப்பதாகச் சொல்வார். சொல்லும்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைக் கூட்டம் பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே நூற்றி அறுபது பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள், எல்லோரும் தண்ணீருக்காக வந்தவர்கள். ஊருக்குக் கிழக்கே புதிதாக வந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது. மூன்று மாதமாக அது மஞ்சளாக வந்துகொண்டிருந்தது.

லட்சுமியம்மாள் எழுந்து நின்றாள். மூன்று ஏக்கர் நஞ்சையும் ஒரு மாடி வீடும் உள்ள விதவை. யாருக்கும் பயப்படாதவள், யாரிடமும் பிரியமாகவும் பேசாதவள். கையில் இருந்த பாட்டிலைத் தலைவரின் மேஜை மேல் டொக்கென்று வைத்தாள்.

“இத்த மொதல்ல குடி தலைவரே. குடிச்சிட்டு அப்பறம் மைக்க புடி.”

பெண்கள் சிரித்தார்கள். குப்புராஜ் பாட்டிலைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்தார்.

“தண்ணிய பத்திப் பேசலாம். தண்ணி எங்க போயிடப் போவுது? ஆனா மானம் போனா வருமா? நம்ம ஊர்ல இன்னா நடக்குதுன்னு உங்கள்ல யாருக்கானா தெரியுமா? கம்பெனி வேலைக்குன்னு வர்றாங்க. கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ஊட்ல குடும்பம் நடத்திகினு இருக்காங்க. அத்த பாத்து நம்ம புள்ளைங்க இன்னா கத்துக்கும்?”

தலைகள் லட்சுமியம்மாள் பக்கம் திரும்பின. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. லட்சுமியம்மாளின் மாடியில் கிறிஸ்டினாவும் அன்புசெல்வனும் வாடகைக்கு இருந்தார்கள். தொழிற்பேட்டையில் இருவருக்கும் வேலை. ஒரே பைக்கில் போவார்கள், வருவார்கள். பாட்டில் கொண்டுவந்தவளின் வாயை அடைக்க இதைவிட மலிவான வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

நாலாவது வார்டு உறுப்பினர் துளசிராமன் உடனே எழுந்தார். அறுபத்தெட்டு வயது. தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். தமிழ்ப் பண்பாடு, குடும்பப் பெருமை, வெளியூர்க்காரர்களால் வரும் கேடு என்று பத்து நிமிஷம் பேசினார். மூன்று மாதம் மஞ்சள் தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு முடிந்தபோது தீர்மானம் தயாராக இருந்தது. ஊரில் வாடகைக்கு இருக்கும் ஜோடிகளிடம் கல்யாணச் சான்றிதழை ஊராட்சி வாங்கிப் பார்க்கும். இல்லாதவர்களை வீட்டுக்காரர் காலி செய்யவைக்க வேண்டும். மறுத்தால் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும்.

அருணா தலைவரின் காதருகே குனிந்தாள். “தலைவரே, இது நம்ம அதிகாரத்துல வராது. ரோடு, லைட்டு, தண்ணி, கால்வாய், சுடுகாடு. நமக்குக் குடுத்தது அவ்ளோதான். யார் யாரோட இருக்கறாங்கன்னு கேக்க கவர்மென்ட்டுக்கே அதிகாரம் இல்ல. நமக்கு எங்கேர்ந்து வரும்?”

குப்புராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். “ஏம்மா, ட்ரெயினிங்ல இருபத்தொம்பது அதிகாரம்னு சொன்னாங்களே. அதுல குடும்ப நலம்னு ஒண்ணு வர்ல?”

“அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தடுப்பூசிக்கும் தலைவரே.”

“அதான் சொல்றேன், கட்டுப்பாடு. எழுது.”

கை தூக்கச் சொன்னார்கள். ஆண்கள் எல்லோரும் தூக்கினார்கள். தண்ணீருக்காக வந்த பெண்களிலும் பலர் தூக்கினார்கள். பக்கத்தில் இருப்பவள் தூக்கும்போது தான் தூக்காவிட்டால் தன் வீட்டில் என்னவோ என்று நினைப்பார்களே என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. லட்சுமியம்மாள் தரையில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அருணா எழுதினாள். எழுதும்போது ‘வாடகைக்கு’ என்ற வார்த்தை வந்த இடத்தில் அவள் பேனா நின்றது. கேட்பதே அக்கிரமம். கேட்டால் எல்லோரையும் கேட்கட்டும் என்று நினைத்தாள். அந்த வார்த்தையை விட்டுவிட்டு, ‘ஊராட்சி எல்லைக்குள் தம்பதியராகக் குடியிருக்கும் அனைவரும் தங்கள் திருமணத்திற்கான ஆதாரத்தை ஊராட்சி அலுவலகத்தில் சமர்ப்பிக்க வேண்டும்’ என்று முடித்தாள். விதிப்படி உரக்கப் படித்தும் காட்டினாள். அந்த நேரத்தில் டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. குப்புராஜ் இடது கையில் டீ கிளாஸோடு வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அருணா அதற்கென ஒரு படிவம் அடித்து எடுத்துக்கொண்டு முதலில் லட்சுமியம்மாளின் மாடிக்குத்தான் போனாள். தலைவரின் உத்தரவு அப்படி.

கிறிஸ்டினாவுக்கு இருபத்தாறு வயது. மீஞ்சூர்ப் பெண். வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டை ஒதுக்கித் தள்ளும் பழக்கம் அவள் பேச்சிலும் இருந்தது. அன்புசெல்வன் அங்கேயே சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினான். அவள் அப்பா, அவன் ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்றார். அவன் அம்மா, அவள் பேரை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தால்தான் என்றாள். ஒன்றரை வருஷம் இரண்டு பக்கமும் கெஞ்சிவிட்டு, அவர்கள் இளகும்வரை இளகட்டும் என்று இருவரும் இங்கே குடிவந்துவிட்டார்கள்.

கிறிஸ்டினா படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். அந்த ஊரில் அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவள்தான்.

“மேடம், இத்த யார் கேக்கறது?”

“ஊராட்சி.”

“ஊராட்சி எதுக்குக் கேக்குது?”

அருணா பேனாவை நீட்டினாள். “இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க” என்றாள்.

“இல்லன்னும் எழுத மாட்டேன், ஆமான்னும் எழுத மாட்டேன். எழுதுனா, நீங்க கேட்டது சரின்னு நானே ஒத்துக்கினா மாதிரி.”

அன்புசெல்வன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். பயந்திருந்தான். “ஏன் கிறிஸ்டி பேஜாரு? எங்கனா ரிஜிஸ்தர் பண்ணிக்கினு ஒரு பேப்பர தூக்கிப் போட்டுடலாம்.”

“நம்ம அப்பா அம்மா சொல்லியே நாம அவசரப்படல. குப்புராஜ் சொல்லி கல்யாணம் பண்ணிக்கணுமா? நமக்குத் தோணுற அன்னிக்குப் பண்ணிப்போம். அந்தாளுக்குத் தோணுற அன்னிக்கு இல்ல.”

அருணா படியிறங்கி வந்தாள். கிறிஸ்டினா படிவத்தை நிரப்பாமல் விட்டது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரிலுள்ள வீடுகளின் பட்டியலை எடுத்து, நானூற்றுச் சொச்சம் வீட்டுக்கும் படிவத்தில் பேர் எழுதத் தொடங்கினாள். தொட்டிக்கு மோட்டார் போடும் கலியன் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றி எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தான்.

அதற்கு மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம்.

துளசிராமன் முன்னால் நின்றார். பின்னால் அவர் மனைவி. “இன்னா கிளார்க்கம்மா இது, என் ஊட்டுக்கும் வந்துருக்குது? எனக்குக் கல்யாணம் ஆயி நாப்பத்திரண்டு வருஷம் ஆவுது!”

“நல்லது சார். சர்ட்டிபிகேட் குடுங்க.”

“அப்பல்லாம் ஏது சர்ட்டிபிகேட்டு? முருகன் கோயில்ல கட்டுனேன். ஊரே பாத்துது.”

“பாத்தவங்க யார்னா இருக்காங்களா?”

துளசிராமன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பின்னால் இருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்போ நாப்பத்திரண்டு வருஷமா இந்தாளோட நான் சும்மாதான் இருந்துகினு இருக்கனா? மொதல்லயே தெரிஞ்சிருந்தா எப்பவோ போயிருப்பனேம்மா!” என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்ததே சமீபத்தில்தான். அதற்கு முன்னால் கட்டியவர்கள் யாரிடமும் காகிதம் இல்லை. எல்லோரும் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையான் அரித்த பத்திரிகை, பூஞ்சணம் பிடித்த ஆல்பம். ஒருவர் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து, போட்டுப் பார்க்க மெஷின் இல்லையா என்று சண்டை போட்டார். மேளக்காரரின் மகனையே கூட்டிவந்தவரும் உண்டு. முதல் நாள் இது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து வேடிக்கை போய்விட்டது. வரிசையில் நிற்பவர்கள் அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். யார் வரவில்லை என்று கணக்கெடுத்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மனைவி, இருபது வருஷத்துக்கு முன்னால் இன்னொருவனை விட்டுவிட்டு வந்தவள். எல்லோரும் மறந்துபோயிருந்ததை இப்போது எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். கை தூக்கிய ஊர் தன் கைக்கு வேலை கிடைத்த குஷியில் இருந்தது. இவர்களா பண்பாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் என்று நினைத்து அருணா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, வந்த காகிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினாள்.

நாலாம் நாள் மதியம் நந்தினி வந்தாள்.

ரயில்வே கேட் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். குப்புராஜுக்கு ஊரறிந்த மனைவி ஒருத்தி பெரிய தெருவில் இருந்தாள். நந்தினியைப் பற்றியும் ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் சொல்வதில்லை. வீடுகளின் பட்டியலில் மட்டும், எந்தக் காலத்துச் செயலரோ, ‘நந்தினி, கணவர் பெயர் குப்புராஜ்’ என்று எழுதிவைத்திருந்தார். அருணா அந்த வரிக்கு வந்தபோது ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அந்தப் பேரை மற்ற பேர்களைவிட அழகாகவே எழுதினாள். தலைவர் பேரில் இரண்டு படிவங்கள்.

நந்தினி படிவத்தை மேஜை மேல் விரித்து வைத்தாள். உட்காரவில்லை.

“இத்த நீ எழுதுனியா?”

“ஆமாங்க. எல்லா ஊட்டுக்கும்...”

“எழுதறப்போ சிரிச்சியா?”

அருணா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வரவில்லை.

“நான் ஊட்ல இல்ல. கலியன் எம் பொண்ணு கையில குடுத்துட்டுப் போயிருக்கான். அது படிச்சிட்டு, ‘கல்யாணத் தேதின்னு கேட்டுருக்காங்கம்மா, இன்னா எழுதறது?’ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது, நீயே சொல்லு.”

“அவர்தான் இந்தத் தீர்மானத்த...”

“அந்தாள குத்தணும்னா அந்தாளயே குத்து. நடுவுல நான் எதுக்கு? பதினாலு வருஷமா இந்த ஊர்ல எவளும் என் மூஞ்சிக்கு நேரா இத்த கேட்டதில்ல. பின்னால பேசுவாளுங்க, அது எனக்குத் தெரியும், தாங்கிப்பேன். பேப்பர்ல சீல் போட்டு கேட்டவ நீ ஒருத்திதான்.” நந்தினியின் குரல் உயரவே இல்லை. “நீ ரொப்புனியா இத்த?”

“என் ஊடு பொன்னேரி. இந்த ஊராட்சியில வராது.”

“அதான பாத்தேன்.”

அருணா படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். பட்டியலில் அந்தப் பேருக்கு நேரே ‘வழங்கப்படவில்லை’ என்று எழுதினாள். நந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நன்றி எதுவும் சொல்லாமல் போனாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அருணாவுக்கும் தெரிந்தது. மகள் படித்ததை யார் கிழிப்பது? குப்புராஜை அற்பன் என்று நாலு வருஷமாக நினைத்தவள், அவருடைய அற்பத்தனத்தையே கடன்வாங்கி நானூறு வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். எல்லோரையும் கேட்டால் நியாயம் என்று நினைத்தது எத்தனை மடத்தனம். கேட்கக் கூடாததை ஒருத்தியிடம் கேட்பதும் நானூறு பேரிடம் கேட்பதும் ஒன்றுதான். இரண்டாவதில் பாதிக்கப்படுகிறவர்கள் அதிகம், அவ்வளவே. அன்று மதியம் அவள் கொண்டுவந்த சோற்றைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் குப்புராஜ் வந்தார். அவர் வீட்டுக்கும் படிவம் போயிருந்தது. நந்தினிக்கும் போனது பெரிய தெருவுக்கு எட்டியிருந்தது. சட்டை மடிப்பு முதல் தடவையாகக் கலைந்திருந்தது.

“நான் வாடகைக்காரன்னுதான சொன்னேன்? யாரு உன்ன எல்லாரையும் எழுதச் சொன்னது?”

“படிச்சிக் காட்னேன் தலைவரே. நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

“மாத்தி எழுது!”

“தீர்மானப் புத்தகத்துல அடிச்சி எழுதக் கூடாது. அடுத்த கிராம சபையில வச்சி ரத்து பண்ணிடலாம். ரத்து பண்றேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, படிவத்தையெல்லாம் இப்பவே நானே திருப்பி வாங்கிடறேன்.”

ரத்து செய்தால் தோற்றதாக ஆகிவிடும். அதை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே நின்ற கலியனைக் கூப்பிட்டார். “டேய், காலையில லட்சுமியம்மா ஊட்டு வால்வ மூடு. எனக்கு அந்த மாடிதான் பிரச்சினை. மத்ததெல்லாம் அப்படியே கெடக்கட்டும்.”

கலியன் அருணாவைப் பார்த்தான். அருணா வேண்டாம் என்று தலையசைத்தாள். காலையில் அவன் போய் மூடினான். தினக்கூலிக்காரனை அதற்காகத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

லட்சுமியம்மாள் பத்து மணிக்குக் காலிக் குடத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். பின்னால் கிறிஸ்டினா, கம்பெனிச் சீருடையிலேயே.

“மஞ்சத் தண்ணிதான் குடுத்துகினு இருந்தீங்க. அதுக்கும் இப்ப கேடா?” என்றாள் லட்சுமியம்மாள். “அவுங்க கட்னாங்களா கட்டலயான்னு எனக்கு ஒரு கவலையும் இல்ல. சத்தம் இல்லாம மாடி ஏறுறாங்க, எறங்குறாங்க. போன தபா இருந்தவன் தாலி கட்னவன்தான். தெனம் பொண்டாட்டிய போட்டு அடிச்சிகினு இருந்தான். அப்ப எந்தத் தலைவன் வந்து என் மாடியில நின்னான்?”

அருணா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கிறிஸ்டினாவிடம் நீட்டினாள்.

“தீர்மானத்தோட நகல் வேணும்னு எழுதிக் குடுங்க. கேட்டா குடுக்க வேண்டியது என் வேலை. திங்கக்கெழம திருவள்ளூர்ல கலெக்டர் மனு வாங்குவாரு. நகல பின் பண்ணி நேரா அவர் கையிலயே குடுங்க.”

“இத்த எழுதுனது நீங்கதான மேடம்?”

“ஆமா.”

கிறிஸ்டினா மேற்கொண்டு கேட்கவில்லை, எழுதிக் கொடுத்தாள். அரைமணி நேரத்தில் முத்திரையோடு நகல் அவள் கையில் இருந்தது.

திங்கட்கிழமை அன்புசெல்வனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்டினாவும் லட்சுமியம்மாளும் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துப் போனார்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். கிறிஸ்டினாவின் மனு ஒரே பக்கம்தான். நாங்கள் வயது வந்தவர்கள், நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று கேட்க ஊராட்சிக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்பதை மட்டும் தெரிவிக்கவும் என்று முடிந்தது.

புதன்கிழமை அருணாவுக்கு மேலதிகாரி ஒருவரிடமிருந்து போன். தண்ணீரை உடனே திறந்துவிடச் சொன்னார். பிறகு அலுத்துக்கொண்டார்.

“ஏம்மா, உனக்கு எத்தினி வருஷ சர்வீஸ்? இதெல்லாம் எதுக்குத் தீர்மானத்துல எழுதறீங்க? ஊட்டுக்காரங்கள கூப்ட்டு வாயால சொன்னா அவங்களே காலி பண்ண வச்சிருப்பாங்க. ஒரு பேப்பர் இருக்காது, ஒரு மனு இருக்காது. இப்ப பாரு, நான் பதில் எழுத வேண்டியதா இருக்குது.”

தவறு நடந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அது எழுத்தில் இருந்ததுதான் குறை. அருணா “சரிங்க சார்” என்று போனை வைத்துவிட்டுக் கலியனைக் கூப்பிட்டு வால்வைத் திறக்கச் சொன்னாள்.

டிசம்பரில் கலெக்டரிடமிருந்து ஆணை வந்தது. வயது வந்த இருவர் யாரோடு, எந்த முறையில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது அரசியலமைப்பு பாதுகாக்கும் தனி வாழ்க்கை. அதை விசாரிக்கவோ அதற்காகக் குடிநீரை நிறுத்தவோ ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. பெறப்பட்ட ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முக்கால் பக்கம்தான். அருணா அதை மூன்று தடவை படித்தாள். இந்த முக்கால் பக்கத்தைத்தான் அவள் அன்று தலைவரின் காதில் நாலு வார்த்தையில் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, எழுதவும் செய்தாள்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராம சபையில் ஆணையைப் படிக்க வேண்டியிருந்தது. அருணா படித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கை தூக்கிய நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட, நானும் தூக்கினேன் என்று சொல்லவில்லை. குப்புராஜ் மைக்கை வாங்கினார்.

“எனக்கு அப்பவே தெரியும், இதெல்லாம் செல்லாதுன்னு. நம்ம கிளார்க்கம்மா எழுதனதுல மிஸ்டேக் ஆயிப்போச்சு. சரி, வுடுங்க. நம்ம தலைமையில எந்தத் தனிமனுசனுக்கும் பாதிப்பு வராது.”

துளசிராமன் கை தட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். அடுத்த பொருளாக ஊர் நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டுவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதில் எல்லோருக்கும் உடனே உற்சாகம் வந்துவிட்டது.

ஆணை யாருக்காக வந்ததோ அவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. பொங்கலுக்கு முன்பே கிறிஸ்டினாவும் அன்புசெல்வனும் காலி செய்துவிட்டார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும், பைக் போனால் தலைகள் திரும்பும், அவ்வளவுதான். ஆணையைக் காட்டித் தண்ணீர் வாங்கலாம். பார்க்கிற கண்ணை என்ன செய்வது? அன்புசெல்வனால் முடியவில்லை. லட்சுமியம்மாள் சாமான் ஏற்ற உதவினாள். வாசலில் நின்று அவர்களுக்காக அழவெல்லாம் இல்லை. அடுத்த வாரமே வேறு ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டாள். படிவத்தில் இருந்த எந்தக் கேள்வியையும் அவனிடம் கேட்கவில்லை.

நந்தினி தையல் கடையை மூடவில்லை. மகளை மட்டும் பொன்னேரியில் ஒரு பள்ளியில் சேர்த்து விடுதியில் விட்டாள். அருணா ஒருநாள் ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு அந்தக் கடை வரை போனாள். மன்னிப்புக் கேட்பதற்கு அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. நந்தினி அளவு எடுத்தாள், குறித்துக்கொண்டாள், எப்போது வர வேண்டும் என்று சொன்னாள். வேறு எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்கவில்லை.

மார்ச்சில் அருணாவை நிர்வாகக் காரணம் என்று சொல்லி ஆந்திர எல்லையோரத்து ஊராட்சி ஒன்றுக்கு மாற்றினார்கள். தினமும் ரயிலில் கும்மிடிப்பூண்டி போய், அங்கிருந்து ஒரு பஸ். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. குப்புராஜின் முகத்தைத் தினமும் பார்ப்பதைவிட இரண்டு மணி நேரம் அலைவது மேல்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் மின்ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். எதிர் இருக்கையில் கிறிஸ்டினா. கவரைப்பேட்டையில் வீடு எடுத்திருக்கிறார்களாம். வாடகை கொஞ்சம் அதிகம், ஆனால் ஸ்டேஷன் பக்கம். அன்புசெல்வனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. இதெல்லாம் கிறிஸ்டினாவே சொன்னாள், சுமுகமாகத்தான் பேசினாள்.

அருணா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே கிறிஸ்டினாவின் கழுத்தைப் பார்த்தாள். கம்பெனி அடையாள அட்டையின் நீல நாடா, துப்பட்டா, அதற்குக் கீழே ஏதாவது சங்கிலி தெரிகிறதா என்று அவள் கண் தேடியது. பிறகு கீழே, செருப்பில் இருந்த கால்விரலுக்குப் போனது. கிறிஸ்டினாவின் பேச்சு நின்றதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள்.

“தெரிஞ்சிதா மேடம்?” என்றாள் கிறிஸ்டினா.

“இல்ல... நான் சும்மா...”

“படிவம் இருந்தா குடுங்க. ரொப்பாம திருப்பிக் குடுக்கறேன்.”

எலும்பு வரை சுட்டது. கவரைப்பேட்டை வந்தது. கிறிஸ்டினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல், கூட்டத்தோடு இறங்கிப் போனாள். இடம் காலியானதும் ஒருவர் வந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். பொன்னேரி வரும்வரை அருணா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.